தொப்பியின் நிழல் விழாத இடம்

இருபத்திரண்டு வருஷம் போக்குவரத்துப் பிரிவு.
அதில் ஒன்பது நெல்லித்தோப்பு சிக்னலில்.
விசில் என் வாயில், வெயில் என் காதில்.

புதுச்சேரியில் ஒருவனுக்கு மூக்கு தடித்தால்
ஊருக்குக் காரணம் தெரியும்.
ஹெல்மெட் போடாத ஒரு பையனைப் போன மாசம் ஓரங்கட்டினேன்.
அவன் என் மூக்கைப் பார்த்தான்.
"சாருக்குக் காலையிலேயேவா?"
பின்சீட்டுப் பெண் சிரிப்பைத் துப்பட்டாவில் மடித்துக்கொண்டாள்.

நான் குடித்ததில்லை.
ஞானஸ்நான விருந்துகளில் பாட்டிலைத் தொட்டு
அடுத்த இலைக்காரருக்குத் தள்ளியதோடு சரி.
ஒரு ராத்திரிச் சோதனையில், யாரும் கேட்காமலே
கருவியை வாங்கி நானே ஊதினேன்.
பூஜ்யம்.
"மிஷின் பழசு, அந்துவான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெயில்தான், வேறென்ன என்றாள் பிலோமினா.
மருந்துக்கடைப் பையன் ஒரு ட்யூப் கொடுத்தான்.
பத்து நாள் என் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தது.
நிறுத்திய மூன்றாம் நாள்
கன்னமெல்லாம் சுட்ட அப்பளம்.

அரசு ஆஸ்பத்திரி, தோல் பிரிவு, டோக்கன் அறுபத்தொன்று.
டாக்டர் நஃபீசா, காரைக்கால்காரர்.
என் நிறம் பனைவெல்லம். அதில் சிவப்பு
சிவப்பாக வராது, சூடேறிய செம்பாக வரும்.
அதனால் பார்ப்பதற்கு முன்னால்
புறங்கையால் தொட்டார்.
கன்னம் கொதித்தது.
கழுத்து சொரசொரத்தது, சூடில்லை.

"வந்து போகுமா, வந்து தங்கிடுச்சா?"

என் முகத்தைப் பற்றி
யாரும் கேட்காத கேள்வி. யோசித்தேன்.
கொதிக்கும் டீக்கு வரும்.
வஞ்சிரக் குழம்பில் காரம் ஏறினால் வரும்.
அந்த ஹெல்மெட் பையன் பேசியபோது
காது வரைக்கும் வந்தது.
மூக்கு, இரண்டு கன்னம், தாடையின் நடு.
கண்ணிலும் மணல் விழுந்த மாதிரி ஓர் எரிச்சல்.
ராத்திரி கொஞ்சம் இறங்கும்.

"ரோசேசியா" என்றார்.
கடற்கரைப் பக்கம் ஏதோ தெருப்பெயர் மாதிரி இருந்தது.
"குடிக்காதவங்களுக்கும் வரும்."
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
சொன்னார்.
வெளியே பெஞ்சில் இருந்த பிலோமினாவைக் கூப்பிட்டு
மூன்றாம் தடவையும் சொன்னார்.

போதும் எனக்கு. எழுந்துவிட்டேன்.
"உட்காருங்க, வெயிலை இன்னும் பார்க்கலை."

தொப்பியைக் கழற்றச் சொன்னார்.
சிவப்புத் தொப்பி, முன்னால் மட்டும் விளிம்பு.
நெற்றியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே
நான் வேலைக்குச் சேர்ந்த நாளின் நிறம்.
கடிகார வாரைத் தள்ளினார். அங்கேயும் அதே ஆள்.
தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால்,
ஒளிந்துகொண்டு அதே ஆள்.
ஆனால் பின்கழுத்தில், கழுத்தின் இரு பக்கம்,
காதுமடலின் மேல்விளிம்பில்
வெயில் தினமும் எழுதியிருக்கிறது,
ஒரு நாளும் அழித்ததில்லை.
அது டீக்குக் கோபப்படாது.
அவமானத்துக்குச் சிவக்காது.
கன்னத்தில் இருப்பது விருந்தாளி.
இது குடித்தனம்.

வலது காதுமடலில் ஒரு பொருக்கு, உப்புத்தாள் துண்டு போல.
பிலோமினா பார்த்ததில்லை. நானும்தான்.
தன் காதை யார் பார்க்கிறார்கள்?
அப்போதுதான் டாக்டர் லென்ஸை எடுத்தார்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
"ஊரே மூக்கைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கு.
இதைச் செவ்வாய்க்கிழமை துளி எடுத்துப் பரிசோதிச்சுடலாம்."

பயப்பட வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
சீட்டில் ஒரு முகம் வரைந்து
நடுவில் ஒரு களிம்பு, ஓரத்தில் ஒரு களிம்பு,
காதுக்கு மட்டும் ஒரு வட்டம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் நான்தான்.
இன்றைக்குப் பிலோமினா கேட்டு வாங்கிக்கொண்டாள்,
வெயில் விழுகிற பக்கம்,
என் வலது காதுக்கும் மதியத்துக்கும் நடுவில்
முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு.